இல்லாத முட்டையில் ஒரு விரிசல்

என் தங்கைக்குக் கவனம் போதவில்லை என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவள் மறந்துவிட்டாள். மூன்று நாள் கழித்து, டிபன் பெட்டிக்கு அடியில் எண்ணெய் ஊறிக் கிடந்ததை நான்தான் எடுத்தேன். ஆகவே கடிதத்தில் இருந்தது உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

“மாணவியின் கவனக் குறைவுக்கும் மாணவியின் உணவுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பொருட்டு, வீட்டில் உணவுக்குப் பொறுப்பானவர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவனக் குழுவின் முன் ஆஜராக வேண்டும்.”

எங்கள் வீட்டில் உணவுக்குப் பொறுப்பு நான். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். விடியும் முன் போனால், சாயங்காலம்தான் கையெல்லாம் சோப்பு நெடியோடு வருவாள். அப்பா லாரி ஓட்டுகிறார். எப்போது வருவார் என்பது லாரிக்குத்தான் தெரியும். தங்கைக்கு எட்டு வயது. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். எனக்குப் பதினேழு. ஒன்பதாவதோடு நின்றவள்.

நின்றதற்குப் பின்னால் பெரிய சோகம் எதுவும் இல்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். திரும்பிப் போனால் வகுப்பே திரும்பிப் பார்க்குமே என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மறுநாள் போனால் இன்னும் அதிகமாகப் பார்ப்பார்கள் என்று பட்டது. அந்தக் கணக்கிலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது. யாராவது என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைக் கீழே இறக்குவதற்குள் கேட்டவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இப்படிப்பட்ட என்னைத்தான் அம்மா குழுவுக்கு அனுப்பினாள்.

“நீ ஒண்ணும் பேச வேணாம்டீ. தலையை மட்டும் ஆட்டிட்டு வா” என்றாள்.

குழு என்பது ஒரு நீள மேசையும் அதற்குப் பின்னால் மூன்று பேரும். நடுவில் தலைமையாசிரியை. வலப்பக்கம் உணவு ஆலோசகர். மெலிந்த மனிதர், எதிரில் ஒரு தட்டு நிறைய கிரீம் பிஸ்கட். இடப்பக்கம் உடற்பயிற்சி ஆசிரியர், கழுத்தில் விசிலும் கையில் ஓட்டப் பந்தயக் கடிகாரமுமாக.

“நீங்க அம்மாவா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

தலையை இடவலமாக ஆட்டினேன்.

“அக்காவா?”

மேலும் கீழுமாக ஆட்டினேன்.

“எழுதிக்கோங்க சார். பொறுப்பாளர் குறுக்கே பேசுறதில்ல. கவனம் நல்லா இருக்கு.” உடற்பயிற்சி ஆசிரியர் எழுதிக்கொண்டார். “குழந்தையை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”

நாக்கை இறக்கிப் “பட்டாணி” என்றேன்.

ஆலோசகர் பிஸ்கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “பாத்தீங்களா மேடம்? கூப்பிடுறதே ஒரு சாப்பாட்டுப் பேரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவீங்க? பச்சைப் பட்டாணியா, காய்ஞ்சதா?”

எனக்கு அந்த வித்தியாசம் அதுவரை தோன்றியதில்லை. தலையை ஒரு மாதிரி வட்டமாக ஆட்டினேன். அது ‘இரண்டும்’ என்று பதிவானது.

பிறகு ஆலோசகர் எழுந்து நின்று பேசினார். “பன்னிரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன்மா. குழந்தை என்ன சாப்பிடுதோ அதுதான் குழந்தை. கவனம்ங்கிறது வயித்துல ஊறி, மெதுவா மூளைக்கு ஏறுது. தப்பான சாப்பாடு உள்ள போனா வழியிலேயே கசிஞ்சிடும். நான் இதுவரைக்கும் ஒரு குழந்தையைக்கூட நேர்ல பார்த்துப் பேசினதில்ல. பார்த்தா மனசு இளகிடும். ஆராய்ச்சிக்கு அது ஆகாது.”

“மெல்றதுதான் முக்கியம்” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். “மெதுவா மென்னா கவனம். வேகமா மென்னா கவனக் குறைவு. அதுக்குத்தான் கடிகாரம் வெச்சிருக்கேன்.”

“பாருங்கம்மா,” என்றார் தலைமையாசிரியை, “நம்ம பள்ளியில கவனக் குறைவே இல்லைன்னு ஆக்கணும். குறைவா இருக்கிற பிள்ளைங்களை முன்கட்டுலேருந்து எடுத்துட்டா, முன்கட்டுல குறைவே இருக்காது. சரிதானே?”

முன்கட்டு என்பது வகுப்பறைகள் இருக்கும் கட்டடம். பின்கட்டு என்பது மைதானத்துக்கு அப்பால், முன்பு உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த கிடங்கு. இப்போது அங்கே பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். புத்தகம் கிடையாது. கலந்து கொட்டிய பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். பிரித்து முடித்ததும் மறுபடி கலந்து கொட்டுகிறார்கள். அங்கே போன பிள்ளை முன்கட்டுக்குத் திரும்பியதாக யாருக்கும் நினைவில்லை. பட்டாணி அப்போதுதான் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தொடங்கியிருந்தாள்; கடைப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துத் தெருவில் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். சரியாகலேன்னா பின்கட்டு” என்று சொல்லி ஒரு நோட்டை என்னிடம் நீட்டினார் தலைமையாசிரியை.

அட்டையில் ‘உணவு–கவனப் பதிவேடு’ என்று இருந்தது. உள்ளே ஏழு கட்டங்கள்: நேரம், உணவு, நிறம், மணம், ஓசை, மென்ற தடவை, அதன் பின் கவனம். கடைசிக் கட்டத்தில் பத்துக்கு எத்தனை என்று பள்ளி நாட்களில் வகுப்பாசிரியை எண் போடுவார். விடுமுறை நாட்களில் வீட்டில் போட வேண்டும்.

முதல் நாள் நான் எழுதியது: ‘மதியம். சோறு, உருளைக்கிழங்கு. வெள்ளை, மஞ்சள்.’ மறுநாள் சிவப்பு மையில் ‘விவரம் போதாது’ என்று திரும்பி வந்தது. கொஞ்சம் சேர்த்து எழுதினேன். மறுபடி ‘போதாது’. மூன்றாம் நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘உருளைக்கிழங்கு நான்காக வெட்டப்பட்டது. மூன்று துண்டுகள் சமம். நான்காவது துண்டு, வெட்டியவளின் அவசரத்தைக் காட்டியது. ஓசை: இல்லை. ஆனால் மூடியைத் திறக்கும்போது பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது’ என்று எழுதினேன்.

சிவப்பு மையில் ‘நன்று’ என்று வந்தது.

மூன்று வருஷமாக எனக்கு யாரும் ‘நன்று’ போட்டதில்லை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை பிரித்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றிலிருந்து சமையல் சுருங்கியது, பதிவேடு பெருத்தது. அம்மா போனதும் எழுத உட்கார்ந்தால், பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். பட்டாணி தானே தலை வாரிக்கொள்ளப் பழகினாள். வகிடு காதுப் பக்கம் போனது.

பள்ளியிலும் வேலை மும்முரமாகத்தான் நடந்தது. மதிய இடைவேளை அரை மணி நேரம். அதில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, முகர்ந்து, பெயின்ட் கடையில் கொடுக்கும் நிற அட்டையை வைத்து ஒப்பிட்டு, எழுதிக்கொண்டு மூடுவார். பரிசோதிக்காத உணவைச் சாப்பிடக் கூடாது. மணி அடித்த பின்னும் சாப்பிடக் கூடாது. வகுப்பில் நாற்பது பேர். கடைசி வரிசைக்காரர்கள் பாதி நாட்கள் மூடிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன் வரிசைக்காரர்கள் அவசரமாக விழுங்கினார்கள். பிள்ளைகள் மெல்லுவது குறைந்துவருவதைக் குழு மிகுந்த கவலையோடு கண்டுபிடித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் ஓசைக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முந்தைய நாள் பட்டாணி தின்ற பிஸ்கட் உடையும் சத்தத்துக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ‘மடக்’ என்று போட்டால் சுள்ளி உடைவது போலிருந்தது. ‘நொறுக்’ என்பதில் ஆரவாரம் அதிகம். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதருகே உடைத்துப் பார்த்தேன். இன்னொன்றையும் உடைத்தேன். வேன் வந்தது. பட்டாணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஒன்பது மணிக்கு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் பாத்திரம் இருந்தது, பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது, தண்ணீர் குளிர்ந்திருந்தது. வேகவைக்க வேண்டிய முட்டைகள் பக்கத்துக் கிண்ணத்திலேயே இருந்தன. காலியான டிபன் பெட்டியைத்தான் அவள் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அவசர அவசரமாக ரொட்டியில் ஜாம் தடவி ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். ‘இதை மூணாம் வகுப்புப் பிள்ளைகிட்டக் குடுங்க’ என்று அவரிடம் சொல்ல வேண்டும். மொத்தம் ஐந்து சொல். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ போகிறவள் போல நேராக நடந்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி பார்த்தார். மறுபடி நடந்தேன். நாலாவது முறை அவர் எழுந்து, “என்னம்மா வேணும்?” என்று கேட்டார். நான் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். என்னைப் பற்றி இதைவிட மோசமாகச் சொல்வதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அன்று பரிசோதனை முப்பத்தோராவது பெட்டியோடு நின்றதாம். பட்டாணியுடையது முப்பத்தெட்டு.

“பசிச்சுதா?” என்று கேட்டேன், சாயங்காலம் அவள் வந்ததும்.

“ம். அழிரப்பரைக் கடிச்சேன். அப்புறம் தூங்கிட்டேன். மிஸ் ரெண்டு போட்டாங்க.” நாலு ரொட்டியை நிற்காமல் தின்றாள். “நீ மறந்துட்டேன்னு யார்கிட்டயும் சொல்லலக்கா. அம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

பதிவேட்டில் அந்த நாள் வெள்ளையாக இருந்தது. உட்கார்ந்து எழுதினேன்: ‘மதியம். வேகவைத்த முட்டை இரண்டு. ஒன்றின் ஓட்டில், அகன்ற பக்கத்தில், தலைமுடி போல ஒரு விரிசல். அரை வாழைப்பழம், நுனி கறுத்தது. மென்ற தடவை: முட்டைக்கு இருபத்திரண்டு.’

என் தோள் வழியாக எட்டிப் படித்த பட்டாணி, “ரெண்டு முட்டையா? நமக்கு ஆளுக்கு ஒண்ணுதானே?” என்றாள்.

“எழுதறதுதானேடீ” என்றேன்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. ஆலோசகரின் கண்கள் பளபளத்தன. “இத்தனை நாள் இந்தக் குழந்தைக்கு அஞ்சு, ஆறுன்னு வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு. அன்னைக்கு என்ன புதுசா உள்ள போயிருக்கு? முட்டை! அதுவும் ரெட்டை முட்டை!”

“குழந்தை நல்ல குழந்தைதான்மா. முட்டைதான் கெடுத்திருக்கு” என்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். “பின்கட்டு பேச்சை இப்போதைக்கு விட்டுடுவோம்.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. முதல் முறையாக அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை முதல் முட்டைக்குத் தடை, பள்ளியிலும் வீட்டிலும். என் பதிவேட்டை மாதிரிப் பதிவேடாக அறிவித்து, அலுவலக வாசலில் ஒரு ஸ்டூல்மீது வைத்து, சணல் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். காலையில் நான் எழுதி அனுப்புவதும் அதிலேயே சேர்ந்துவிடும். வகுப்பில் எல்லா வீடுகளுக்கும் இதே நோட்டு போயிருந்தது; மற்ற பெற்றோரின் பதிவேடுகளெல்லாம் ‘போதாது’ என்று திரும்பியிருந்தன. ‘மாதிரியைப் பார்த்து இதே போல் மறுபடி எழுதவும்’ என்று சுற்றறிக்கை போனது. அவர்கள் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள். வரிசையில் நின்று, பார்த்து, இதே போல் எழுதினார்கள். பழைய நாட்களையும் சேர்த்து, எண்களையும் சேர்த்து.

எங்கள் தெருவிலேயே தையல்கடை வைத்திருக்கும் அண்ணனின் மகள் பட்டாணிக்குப் பக்கத்தில் உட்காருபவள். அவருக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. தினமும் சாயங்காலம் கழுத்தில் அளவு நாடாவோடு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்.

“ஏம்மா, நாளைக்கு எங்க பொண்ணு என்ன சாப்பிட்டா?”

நான் சொல்ல மாட்டேன், எழுதி நீட்டுவேன். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொள்வார். “உன் புண்ணியத்துல எங்க வீட்டுக்கும் ‘நன்று’ வந்துடுச்சு. என் சம்சாரம் அதை ஃப்ரேம் போடச் சொல்றா!”

அடுத்து வந்தது கவனக் கஞ்சி. வீட்டுப் பெட்டிகளை நிறுத்திவிட்டு, மதியம் எல்லோருக்கும் பள்ளியே ஒரு கரண்டி கஞ்சி ஊற்றும். அறிமுக விழாவில் ஆலோசகர் ஒரு கிண்ணத்தை உயர்த்திக் காட்டினார். “இதுக்கு நிறம் இல்ல. மணம் இல்ல. ஓசை இல்ல. மெல்ல வேண்டிய அவசியமும் இல்ல. கவனத்தைக் கலைக்கிற எதுவுமே இதுல இல்ல. சொல்லப்போனா, இதுல ஒண்ணுமே இல்ல. அதுதான் இதோட சிறப்பு!” எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு வாரத்தில் பட்டாணியின் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு குத்தி அனுப்பினேன். வேனிலிருந்து இறங்கியதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். கடைப் பலகைகளைப் படிப்பதை நிறுத்தியிருந்தாள். எண்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கின. தலைமையாசிரியையிடமிருந்து சீட்டு வந்தது: ‘முட்டையின் விளைவு நீங்கியிருக்க வேண்டும். நீங்காவிடில் குற்றம் குழந்தையுடையதாகும். வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன்னிலையில் முடிவு.’

அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். முட்டையைக் குற்றவாளியாக்கியது நான். முட்டை விடுதலையானால் தங்கை குற்றவாளி. இரண்டுமில்லை, அன்றைக்கும் பசி, இன்றைக்கும் பசி என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது நானாக இல்லாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேறு ஆள் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மேசைக்குப் பின்னால் நாலாவது நாற்காலி போட்டிருந்தது. மேலதிகாரி பெரிய உடம்பும் சின்னக் கண்ணாடியுமாக இருந்தார். அவர் முன்னால் நாற்பது பதிவேடுகள் அடுக்கியிருந்தன.

“பொறுப்பாளர் ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல் பேனாவைத் திறந்தார்.

“முட்டை இல்லை” என்றேன்.

“ஆமா, இப்ப இல்ல. தடை பண்ணியாச்சு” என்றார் தலைமையாசிரியை பெருமையோடு.

“அன்னைக்கே இல்லை.” நாக்கு இறங்கிவிட்டது. “நான் சாப்பாடே கட்டல. பதிவேடு எழுதிட்டு இருந்ததுல மறந்துட்டேன். அப்புறம் பொய்யா எழுதிட்டேன். அவளுக்குப் பசி சார். அவ்வளவுதான்.”



“பசியா?” ஆலோசகர் பதிவேட்டைப் புரட்டினார். “அது எந்தக் கட்டத்துல வருது?”

மூவரும் சேர்ந்து தேடினார்கள். நேரம், உணவு, நிறம், மணம், ஓசை, மென்ற தடவை, கவனம். பின்னட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள்.

“இல்லியேம்மா” என்றார் தலைமையாசிரியை, உண்மையான வருத்தத்தோடு.

மேலதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நீ சொல்றதை நம்புறேன்னே வெச்சுக்குவோம். இங்க பாரு. இது யார் வீட்டுப் பதிவேடோ. செவ்வாய்க்கிழமை, முட்டை ரெண்டு, ஒண்ணுல விரிசல். இது இன்னொரு வீடு. முட்டை ரெண்டு, ஒண்ணுல விரிசல். அதே அகன்ற பக்கத்துல. நாற்பது வீட்டுலயும் அன்னைக்கு முட்டை இருந்திருக்கு, உங்க வீட்டுல மட்டும் இல்லியா? சரி, முட்டையே இல்லைன்னா அதுல விரிசல் எப்படி வந்துச்சு?”

 நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அந்த நேரத்திலும் ஒரு ஓரத்தில் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

“விரிசல்!” ஆலோசகர் எழுந்தேவிட்டார். “நாற்பது முட்டையிலயும் ஒரே இடத்துல விரிசல்! சார், கசிவுக்குக் காரணம் கிடைச்சுடுச்சு!”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பட்டாணியைக் கூப்பிட்டார்கள். ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை என்னம்மா சாப்பிட்ட?” என்று கேட்டார் மேலதிகாரி.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நேராக நிமிர்ந்து, மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல, “வேகவைத்த முட்டை இரண்டு. ஒன்றின் ஓட்டில், அகன்ற பக்கத்தில், தலைமுடி போல ஒரு விரிசல். அரை வாழைப்பழம், நுனி கறுத்தது” என்றாள்.

“ஒரு எழுத்து பிசகல பாத்தீங்களா!” என்றார் தலைமையாசிரியை. “எல்லாம் கஞ்சியோட பலன் சார்.”

மேலதிகாரி பேனாவை மூடினார். “வாயால சொல்றதைக் குழு எடுத்துக்க முடியாதும்மா. கோப்புல வைக்க வழியில்ல. ஒரு வாரம் தரேன். அடுத்த வெள்ளிக்கிழமை பதிவேடுங்க என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. தேறலேன்னா குழந்தை பின்கட்டு.”

திரும்பும் வழியில் பட்டாணி என் கையை உதறினாள். “நீ ஏன்க்கா சொன்ன? நான்தான் முட்டைன்னு சொல்லிக் காப்பாத்திட்டேன்ல?”

குழு கேட்பது எழுதியதை மட்டும்தான் என்றால், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு இரண்டு முட்டை வேகவைத்துக் கொடுத்தேன். நிஜமான முட்டை. கொதிக்கும்வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. அவள் தின்றுவிட்டு, பழைய கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அறை மூலையில் உட்கார்ந்தாள். பதினோரு பக்கம் எழுந்திருக்காமல் படித்தாள். நடுவில் ஒரு முறை, “அக்கா, கப்பல் முழுகப்போகுது, இப்ப என்னைக் கூப்பிடாத” என்றாள்.

பதிவேட்டில் சேர்க்க வேண்டிய தாளில் எழுதினேன்: ‘ஞாயிறு. தடையை மறந்து தவறுதலாக முட்டை இரண்டு கொடுக்கப்பட்டது. இரண்டிலும் விரிசல் இல்லை; வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்பட்டது. அதன் பின் கவனம்: ஒன்பது.’ கண்ணால் கண்டதை எழுதியதால் கை கொஞ்சம் கூசியது. விரிசல் பற்றிய வரி மட்டும் ஆலோசகருக்காக. அவருக்கும் வெளியே வர ஒரு கதவு வேண்டுமே.

சாயங்காலம் தையல்கார அண்ணன் வந்து சீட்டைப் படித்தார். “அட, இன்னைக்கு முட்டையா? நிஜமாவே குடுக்கணுமா, எழுதினாப் போதுமா?”

“எழுதவும் எழுதுங்க,” என்றேன், “குடுக்கவும் குடுங்க.”

அவர் என் குரலை அன்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அளவு நாடா தோளிலிருந்து நழுவி விழுந்தது.

திங்கள் முதல் வியாழன் வரை கஞ்சியைப் பற்றி ஒரு பொய்கூட எழுதவில்லை. ‘கஞ்சி. நிறம் இல்லை. மணம் இல்லை. ஓசை: குழந்தையின் வயிற்றிலிருந்து.’ பள்ளி போட்ட எண்கள்: ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி நாற்பது பதிவேடுகளையும் படித்தார். நாற்பது வீடுகளிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை தவறுதலாக முட்டை கொடுக்கப்பட்டிருந்தது. நாற்பது வீடுகளிலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தார்கள். நாற்பது ஒன்பதுகள். அதன்பின் நாற்பது வயிறுகளிலிருந்து ஓசை.

“ஆலோசகரே, முட்டை ஒன்பது, கஞ்சி ஒண்ணு. என்ன இது?”

“அது... பதிவேடுல ஏதோ தப்பு இருக்கும் சார்.”

“பதிவேடு தப்புன்னா, முட்டையைத் தடை பண்ணினதும் தப்பாயிடுமே? அதுலதான் என் கையெழுத்து இருக்கு.”

ஆலோசகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். என் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். முகத்தில் மெதுவாக உயிர் வந்தது. “சார்! ‘இரண்டிலும் விரிசல் இல்லை’! நான் அப்பவே சொன்னேன்ல? தப்பு முட்டை மேல இல்ல. விரிசல் மேல!”

மேசைக்குப் பின்னால் நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. விரிசல் விட்ட முட்டைக்கு நிரந்தரத் தடை. விரிசலற்ற முட்டை அனுமதிக்கப்படுகிறது. கஞ்சி நிறுத்தப்படுகிறது, மீதமுள்ள மாவைக் குழுக் கூட்டங்களில் பிஸ்கட்டுக்குப் பதிலாகப் பரிமாறலாம். உடற்பயிற்சி ஆசிரியர் இனி ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நேரம் போதாதென்பதால் மதிய இடைவேளை ஒரு மணி நேரமாக நீட்டப்படுகிறது. மாணவி முன்கட்டிலேயே தொடர்வார்.

பின்கட்டில் இருக்கும் பதினொரு பேரைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை. அவர்களுடைய பதிவேடுகளை யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை தப்பித்தது போதும் என்று கைகூப்பிவிட்டு வந்தேன். குழுவைக் கிண்டல் செய்து இவ்வளவு எழுதுகிறவள் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பட்டாணி அலுவலக வாசலில் ஸ்டூல் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“பின்கட்டுக்குப் போக வேணாம்” என்றேன்.

அவள் குதிப்பாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னடீ?”

“நான் எல்லாத்தையும் குடுத்துட்டேனே.”

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பின்கட்டில் பென்சில் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைகள், மாசக் கடைசி, சீட்டில் இருந்தது, சீட்டில் இல்லாதது. எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். ஸ்கேலை ஒருத்திக்கு, அழிரப்பரில் கடிபடாத பாதியை ஒருத்திக்கு. பிறந்தநாளுக்கு அப்பா லாரியில் கொண்டுவந்த பன்னிரண்டு கலர் பென்சில் பெட்டியை, பக்கத்தில் உட்காரும் தையல்கார அண்ணன் மகளுக்கு. ‘என்னை மறந்துடாத’ என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

“போய்த் திருப்பிக் கேளு.”

“குடுத்துட்டு எப்படிக்கா கேக்குறது? நீ கேளு.”

“நானா?”

“நீதான் அக்கா.”

தையல்கடை வரை நடந்தோம். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடையைத் தாண்டித் தெருமுனை வரை போனோம். திரும்பி வந்தோம். பட்டாணி என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். திண்டாடிக்கொண்டு நிற்கும்போதே கடைக்குள்ளிருந்து அந்தச் சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். இரண்டு பல் விழுந்த வாய். அவள் கையில் பச்சைப் பென்சில்.

“கலர் பென்சில் திரும்ப வேணும்” என்றேன். செருமிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். “இவ எங்கயும் போகல.”

மிஷின் நின்றது. அந்தப் பெண் பட்டாணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள்.

“பச்சை மட்டும் கொஞ்சம் தேஞ்சுடுச்சு” என்றாள். “பரவாயில்லையா?”